ஆரஞ்சு சட்டைக்காரனை மான் பார்க்காது

புலி ஏன் ஆரஞ்சாக இருக்கிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? பச்சைக் காட்டுக்குள் பதுங்கியிருந்து பாய வேண்டிய மிருகம் அது. நம்மில் யாராவது இப்படி ஒரு டிசைனை ரிவ்யூவில் கொண்டுபோய் வைத்தால், "யாருப்பா இந்தக் கலரை செலக்ட் பண்ணது?" என்று கைடு அங்கேயே கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். ஆனால் டிசைனில் கோளாறு எதுவும் இல்லை. புலி ஒளிய வேண்டியது மானின் கண்ணிலிருந்து. மானுக்கு ஆரஞ்சும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே நிறம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். போன வருஷம் ஒரு செமஸ்டர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போயிருந்தேன். நான் வேலை செய்த ஆய்வகத்தில் ஒரு டெக்னீசியன் இருந்தார். வயது அறுபதுக்கு மேல். புரொபசரிலிருந்து முதலாம் ஆண்டு மாணவன் வரை எல்லோரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அங்கே வழக்கம் அப்படி. எனக்கு மட்டும் அது கடைசி வரை வரவில்லை. வாயில் 'சார்' வந்து நிற்கும், மனசுக்குள் 'தாத்தா'. இங்கேயும் தாத்தா என்றே எழுதுகிறேன்.

தாத்தா வில் வேட்டைக்காரர். துப்பாக்கி வைத்திருக்கவில்லை, வில் மட்டும்தான். 1934-ல் வில்லுக்கென்றே தனியாக ஒரு வேட்டைக்காலம் ஒதுக்கிய மாநிலம் விஸ்கான்சின். செப்டம்பர் நடுவில் தொடங்கிக் குளிர்காலம் வரை அது நீளும். லைசென்ஸ், கணக்கு, கட்டுப்பாடு எல்லாம் உண்டு. ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் அழிந்துபோன பிறகு வெள்ளைவால் மான்கள் பெருகிவிட்டதால், அந்த எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க அரசாங்கமே வேட்டையை ஒரு வழியாக வைத்திருக்கிறது. நம்ம ஊரில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் வில்லைத் தூக்கிக்கொண்டு கிண்டி பக்கம் போய்விடாதீர்கள், ப்ளீஸ்.

அவர்கள் மரத்தில் கட்டி உட்காரும் மேடை நம்ம ஊர்ப் பரண் மாதிரிதான். தினைப்புனத்தில் கிளி விரட்டக் கட்டுவார்களே, அதன் இரும்பு வடிவம். 15 முதல் 25 அடி உயரத்தில், மரத்தண்டோடு பெல்ட் போட்டு இறுக்கி, ஏறுகிறவர் உடம்பு முழுக்க ஒரு பாதுகாப்பு வார் மாட்டிக்கொண்டு உட்காருவார். வேட்டையில் அடிபடுகிறவர்களில் பலர் பரணிலிருந்து விழுந்துதான் அடிபடுகிறார்கள் என்று சொல்லி, அந்த வாரை எனக்கு மூன்று தடவை சரிபார்த்து மாட்டினார் தாத்தா.

"துப்பாக்கி இருக்கும்போது எதற்கு இவ்வளவு கஷ்டப்பட்டு ஒளியணும்?" என்று கேட்டேன். பதிலுக்கு அவர் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். நீங்களும் போட்டுப் பாருங்கள், பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். அம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 85 மீட்டர். ஒலியின் வேகம் 340 மீட்டர். மான் 18 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. நாண் அதிரும் சத்தம் 0.05 நொடியில் அதன் காதுக்குப் போய்விடும். அம்பு போக 0.21 நொடி. நடுவில் 0.16 நொடி மானின் கையில் இருக்கிறது. சத்தம் கேட்டவுடன் மான் என்ன செய்யும்? பாய்வதற்காகக் காலை மடக்கி உடம்பைக் கீழே இறக்கும். 0.16 நொடியில் தடையின்றி விழும் பொருள் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே போகும். மான் திடுக்கிட்டு உணரவும் நேரம் பிடிக்கும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் இறங்கும். இப்போது தூரத்தை 36 மீட்டர் ஆக்குங்கள். இடைவெளி 0.3 நொடியைத் தாண்டிவிடும், விழும் தூரம் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல். இதயத்துக்குக் குறி வைத்த அம்பு முதுகைக் கிழித்துக்கொண்டு போகும், மான் காயத்தோடு ஓடி எங்கேயோ மூன்று நாள் கிடந்து சாகும்.

"பக்கத்தில் வரணும், பயப்படாமல் வரணும். ரெண்டும் இல்லேன்னா அம்பு எடுக்கவே கூடாது. ஒளியறது அதுக்குத்தான்" என்றார். எனக்கு அந்த நிமிஷத்தில்தான் இந்த விஷயம் மேல் மரியாதை வந்தது.

சரி, எப்படி ஒளிவது? முதலில் கண். நமக்கு மூன்று வகைக் கூம்பு செல்கள், நீலம் பச்சை சிவப்பு என்று பள்ளியில் படித்தது. மானுக்கு இரண்டே வகை. ஜெரால்டு ஜேக்கப்ஸ் என்ற பார்வை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைவால் மானின் ஒரு கூம்பு 450 முதல் 460 நானோமீட்டரிலும் இன்னொன்று 537 நானோமீட்டரிலும் உச்சத்தில் வேலை செய்கின்றன என்று அளந்தார்கள். சிவப்புப் பக்கம் ஆளே இல்லை. அதனால்தான் அங்கே துப்பாக்கி சீசனில், ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்க, வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு போட வேண்டும் என்று சட்டமே போட முடிந்தது. மனுஷனுக்குத் தீப்பந்தம், மானுக்கு மங்கலான ஒரு நிறம். 2016-ல் விஸ்கான்சின் கண்கூசும் பிங்க் நிறத்தையும் அனுமதித்துவிட்டது.

அப்போ மானுக்குப் பளிச்சென்று தெரிவது எது? நீலம். நாம் எதையும் யோசிக்காமல் மாட்டிக்கொண்டு போகிற ஜீன்ஸ்!

இதைவிட விநோதமான ஒன்றைத் தாத்தா தன் கராஜில் வைத்துக் காட்டினார். விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா டார்ச்சை என் சாம்பல் நிற ஜாக்கெட் மேல் அடித்தார். ஜாக்கெட் நீலமாக ஒளிர்ந்தது. கல்ச்சுரல் மேடையில் வெள்ளைச் சட்டைகள் பேய் மாதிரி மின்னுமே, அதே சமாச்சாரம். துணி 'வெள்ளையை விட வெள்ளையாக' இருக்க வேண்டும் என்று சலவைத்தூளில் ஒளிரூட்டும் வேதிப்பொருள் கலக்கிறார்கள். அது புற ஊதாவை உறிஞ்சி 440 நானோமீட்டர் பக்கத்தில் நீலமாகத் திருப்பி வீசும். மானின் நீலக் கூம்பு உச்சத்தில் இருப்பதும் அங்கேதான். போதாததற்கு, நம் கண் வில்லை புற ஊதாவைப் பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது, மானின் வில்லை உள்ளே விடுகிறது. விடியற்காலை மங்கலில் மான் நடமாடும் நேரத்தில், நல்லா துவைத்து மடித்த சட்டைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். தாத்தா வேட்டைத் துணிகளைச் சமையல் சோடா போட்டுத்தான் அலசுவார். காட்டுக்குள் போகும்போது தலையில் மாட்டும் விளக்கும் சிவப்பு.

அடுத்தது துணியின் டிசைன். ஒளிவதற்கென்றே உடை தைக்கும் கலை ஸ்காட்லாந்தின் வேட்டைக் காவலர்களிடம் இருந்தது. சாக்கு நார், இலை தழையெல்லாம் கோத்த அவர்களுடைய 'கில்லி' உடையை, 1900-ல் போயர் போருக்காகத் திரட்டப்பட்ட லோவாட் ஸ்கவுட்ஸ் படை ராணுவத்துக்குள் கொண்டுவந்தது. வேட்டைக்காரர்களுக்கான அச்சுத்துணி வியாபாரம் அமெரிக்காவில் சூடுபிடித்தது 1980-களில். இன்றைக்கும் கொடிகட்டிப் பறக்கும் மாஸி ஓக், ரியல்ட்ரீ இரண்டுமே 1986-ல் தொடங்கியவை. கடைக்குப் போனால் இலை, பட்டை, கிளை என்று போட்டோ எடுத்தாற்போல அச்சடித்த ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கும்.

தாத்தாவோ சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட பழைய கம்பளிச் சட்டை ஒன்றை விடாமல் போட்டார். அதிலும் ப்ளீச்சை அங்கங்கே தெளித்து உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டுகள் உண்டாக்கியிருந்தார். பார்க்கச் சகிக்காது. எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இமேஜ் ப்ராசஸிங் படித்தவன் சும்மா இருப்பேனா? அவர் வீட்டுப் பின்புறம் மரங்களுக்கு நடுவே நான்கைத் தொங்கவிட்டேன்: ஆரஞ்சு வெஸ்ட், நீல ஜீன்ஸ், கடையில் வாங்கிய இலை அச்சு ஜாக்கெட், தாத்தாவின் கட்டம் போட்ட சட்டை. இருபது மீட்டர் தள்ளி நின்று போட்டோ எடுத்தேன். பைதானில் பத்து வரி. சிவப்பு சேனலைக் கிட்டத்தட்ட அணைத்தேன். மானின் பார்வைக் கூர்மை நம்மைவிடக் குறைவு என்பதால் கொஞ்சம் காஸியன் ப்ளர் போட்டேன். கேமரா புற ஊதாவைப் பிடிக்காது, ஆகவே இது தோராயம்தான்.

ஆரஞ்சு வெஸ்ட் புல்லோடு கலந்துவிட்டது. ஜீன்ஸ் கூப்பிட்டது. ஆச்சரியம் என்னவென்றால் இலை அச்சு ஜாக்கெட்: அந்த நுணுக்கமான இலைகள் எல்லாம் ப்ளரில் ஒன்றோடொன்று கரைந்து, முழு மனித வடிவத்தில் ஒரே கரும் பொதியாக நின்றது. தாத்தாவின் அசிங்கமான சட்டையோ மூன்று நான்கு துண்டாக உடைந்து, எது சட்டை எது கிளை என்று தெரியாமல் போனது. பெரிய திட்டு உருவத்தை உடைக்கும், சின்ன இலை நம் கண்ணை மட்டும்தான் திருப்திப்படுத்தும். கடையில் அந்தத் துணியைத் தடவிப் பார்த்து வாங்குவது மான் இல்லையே, மனுஷன்தானே!

பரணில் இருப்பவனுக்கு இன்னொரு சிக்கல். மான் கீழிருந்து பார்க்கும்போது அவனுக்குப் பின்னால் இருப்பது வானம். எந்தப் பச்சைத் துணி போட்டாலும் வெளிச்சத்துக்கு எதிரில் கறுப்பு நிழல்தான். அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் 1896-லேயே இயற்கை இதை எப்படிச் சமாளிக்கிறது என்று எழுதினார்: மேல் பக்கம் இருட்டு, வயிற்றுப் பக்கம் வெளுப்பு. மேலிருந்து விழும் வெளிச்சத்தையும் கீழே விழும் நிழலையும் அது சமன் செய்துவிடும். நம்ம வெளிமானின் வெள்ளை வயிறு இதற்கு நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை இன்னும் ஒரு படி மேலே போய், விமானத்தின் முன்பக்கத்தில் விளக்குகளைப் பொருத்தி, பின்னால் இருக்கும் வானத்தின் வெளிச்சத்துக்கு ஈடாக எரியவிட்டுப் பார்த்தது. 'யெஹுதி' என்று பேர். வெளிச்சம் போட்டு ஒளிவது! தாத்தாவின் யெஹுதி எளிமையானது. பரணின் அடித்தட்டுக்கு வெளிறிய சாம்பல் பெயிண்ட். முதுகுக்குப் பின்னால் தண்டு இரண்டாகப் பிரிந்த மரம். சுற்றிலும், குளிர்காலத்திலும் காய்ந்த இலையை உதிர்க்காமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஓக் கிளைகளை வெட்டிக் கட்டியிருந்தார்.

இவ்வளவும் செய்துவிட்டு மூக்கைச் சொறிந்தால் எல்லாம் போச்சு. மானுக்குக் கூர்மை குறைவாக இருக்கலாம், ஆனால் தலையைத் திருப்பாமலே சுமார் 300 டிகிரிக்குப் பார்க்கும், அதில் எது அசைந்தாலும் பிடிக்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அறுபது பேரில் சார் கண்ணில் படுவது போன் வைத்திருப்பவன் இல்லை, போனைச் சட்டென்று ஒளிக்கிறவன். தாத்தா சீசனுக்கு முன்பே பழைய சட்டையில் வைக்கோல் திணித்துப் பரணில் உட்காரவைத்துவிடுவார், மான்கள் அந்த உருவத்துக்குப் பழகட்டும் என்று. நடையிலும் ஒரு தந்திரம். காய்ந்த சருகில் மனிதன் நடந்தால் தாளம் தப்பாத சத்தம் வரும். வேறு எந்த மிருகமும் அப்படி நடக்காது. அதனால் நாலு எட்டு, ஒரு நிறுத்தம், ரெண்டு எட்டு, காலால் சருகைக் கிளறல் என்று வான்கோழி மேய்கிற மாதிரி போவார். நானும் அவர் பின்னால் அப்படியே போனேன். எங்கள் ஊரில் யாராவது பார்த்திருந்தால் மந்திரிக்கக் கூட்டிப்போயிருப்பார்கள்.

கடைசியாக மூக்கு. துணியைப் புகை போடுவது, சருகோடு பெட்டியில் பூட்டிவைப்பது, ரப்பர் பூட்ஸ் என்று எல்லாம் செய்தார். ஆனால் மானின் மூக்கை ஏமாற்ற முடியாது என்பதுதான் அவர் கட்சி. காற்றை மதிக்கலாம், அவ்வளவே. சட்டைப் பையில் மில்க்வீட் காயின் பஞ்சு வைத்திருந்தார். நம்ம எருக்கம் பஞ்சேதான், இரண்டும் ஒரே குடும்பம். பரணிலிருந்து ஒரு இழையை விட்டால் அது போகிற வழிதான் நம் வாசனை போகிற வழி. காலையில் வெயில் ஏற ஏறக் காற்று மேலெழும், மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு வழியும். மான் வரும் பாதைப் பக்கம் பஞ்சு போனால், ஏறிய மரத்திலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, எல்லாம் ஒத்துவந்தது. ஒரே மரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பரண். என் கையில் எதுவும் இல்லை, சும்மா பார்க்கத்தான். இருட்டு கரைந்து, உறைபனி வெளுத்து, ஒரு மணி நேரம் போயிருக்கும். கொம்பு வைத்த ஒரு கிடா. பதினைந்து மீட்டரில் வந்து நின்றது. மூச்சுவிடுவது புகையாகத் தெரிந்தது. தாத்தா எப்போது வில்லை இழுத்தார் என்று எனக்கே தெரியாது. மான் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. நேராக என்னைப் பார்த்தது. பார்த்தும் அதற்கு நான் இல்லை.

என் மனசுக்குள் 'விடு, விடு' என்று ஓடியது. அம்பை விடு என்றேனா, மானை விடு என்றேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தாத்தா இழுத்தபடியே இருந்தார். காம்பவுண்ட் வில்லில் கப்பி முழுக்கச் சுற்றியதும் பாரம் பெருமளவு குறைந்துவிடும், அதனால் பிடித்துக்கொண்டு காத்திருக்க முடியும். ஆனால் எவ்வளவு நேரம்? அவர் தோள் நடுங்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். மான் எங்களுக்கு நேராக நெஞ்சைக் காட்டியபடியே நின்று, அப்படியே திரும்பி, புதருக்குள் போய்விட்டது. தாத்தா மெதுவாக நாணை இறக்கினார்.

"நேரா நின்னுச்சு. எலும்புல படும்" என்றார் கிசுகிசுப்பாக. அவ்வளவுதான். அந்த சீசனில் நான் இருந்தவரை அவருக்கு மான் கிடைக்கவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்டு, தானே வில் செய்து வேட்டையாடியவர், வேட்டைக்காரனைப் பார்த்துக் கைதட்டவோ கண்டிக்கவோ காட்டில் யாரும் இல்லை என்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். மானுக்கும் தெரியாது, மனுஷனுக்கும் தெரியாது. அப்படி ஒளிந்திருக்கும்போது ஒருவர் அம்பை இறக்கியதை நான் பார்த்தேன்.

ஊருக்கு வந்த பிறகு ஹாஸ்டலில் அந்தப் போட்டோக்களை ரூம்மேட்டிடம் காட்டினேன். ப்ராசஸ் பண்ணாத அசல் போட்டோவைத்தான் முதலில் நீட்டினேன். "ஆரஞ்சு வெஸ்ட் சூப்பரா இருக்குல்ல?" என்றேன். அவன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்கடா இருக்கு?" என்றான். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். அவனுக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு. இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

யோசித்தால் அவனும் பரணில்தான் இருந்திருக்கிறான். லேபில் எப்போதும், "நீ ரெசிஸ்டர் எடு மச்சி, நான் கனெக்‌ஷன் குடுக்கிறேன்" என்பான். தனியாக இருந்தால் கலர் பட்டையைப் பார்க்காமல் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் வைத்து அளப்பான். அவன் ரொம்ப நிதானமானவன் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் மெஷினில் சிவப்பு விளக்கா பச்சை விளக்கா என்று தெரியாததால், முன்னால் ஒருவர் பிடித்துக் குடிக்கும் வரை காத்திருப்பானாம். எங்கள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஒரு அசைவு இல்லாமல்.

அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாத, மத்தபடி எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றான்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வருஷம் ப்ராஜெக்டில் சிவப்பு-பச்சை எல்.இ.டி. வைக்கப் போகிறீர்கள், நிச்சயம் வைப்பீர்கள். பக்கத்தில் 'ஆன்', 'ஆஃப்' என்று இரண்டு சொல் எழுதிவிடுங்கள். கிராஃபில் கோடுகளுக்குக் கலரோடு புள்ளிக்கோடு, வெட்டுக்கோடு என்றும் வித்தியாசம் காட்டுங்கள். டெமோவுக்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை எடுத்து, சிவப்பு சேனலை அணைத்துப் பாருங்கள். பத்து வரிதான். கோடு வேண்டும் என்றால் எங்கள் ரூமுக்கு வாங்க, தர்றேன்.